துக்க வீட்டுக் கதையில் சிரிப்பு வரலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் கதைகள் எப்போது பார்த்தாலும் அழுது வடிகின்றன, கொஞ்சம் நகைச்சுவையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அழுது வடிகின்றன என்பது சரி. 'சேர்த்துக்கொண்டால்' என்ற சொல்தான் எனக்கு இடித்தது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். குழம்பை இறக்கிவிட்டுக் கொத்தமல்லி தூவுகிற மாதிரி, எழுதி முடித்த கதையில் நாலு ஜோக்கைத் தூவ முடியாது. கதை சொல்கிறவரின் குரலிலேயே அது இருக்க வேண்டும், முதல் வரியிலிருந்தே இருக்க வேண்டும்.

எங்கள் பேட்டை நூலகத்தில் மாதம் ஒருமுறை ஒரு சின்ன வாசகர் வட்டம் கூடுகிறது, பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். அங்கே வரும் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி போன வருடம் ஒரு கதை எழுதினாள். பாட்டி இறந்துவிடுகிறார். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டாகிவிட்டது, ஆட்கள் வந்து போகிறார்கள். மூத்த மகனான பெரியப்பா அழவே இல்லை. வருகிறவர்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்த பாக்கெட் பானங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார். அந்த இடம் ஏறக்குறைய இப்படிப் போகும்: பெரியப்பா எண்ணினார், 48. ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். பெரியப்பா மறுபடி எண்ணினார், 48. அழுதவர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்பது உறுதியாயிற்று.

இதை அவள் வாசித்தபோது எல்லாரும் சிரித்தோம். கடைசியில் கூட்டம் கலைந்த பிறகு பெரியப்பா மிச்சத்தை எண்ணுகிறார், 12. கொஞ்ச நேரம் கழித்து எண்ணினால் 11. யார் எடுத்தது என்று தூங்கப் போனவர்களை எல்லாம் எழுப்பி அதட்டுகிறார். பேத்தி போய்ப் பார்க்கிறாள், பாட்டியின் படத்துக்கு முன்னால் ஒரு சோயா பால் பாக்கெட், ஸ்ட்ரா குத்தி, பாட்டிக்கு எட்டுகிற பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறது. பெரியப்பாவின் சட்டைப்பையில் ஸ்ட்ராவின் பிளாஸ்டிக் உறை துருத்திக்கொண்டிருந்தது என்று கதை முடிகிறது. எங்களில் யாரும் சற்று நேரம் பேசவில்லை. என் பக்கத்தில் இருந்த அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்தக் கதை ஒரு போட்டிக்குப் போனது, எந்தப் போட்டி என்பது இங்கே முக்கியமில்லை. சோகமான கருவுக்கு நகைச்சுவை பொருந்தவில்லை, தவிர்த்திருக்கலாம் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்தப் பெண் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு திருத்தி எழுதினாள். புதிய வடிவத்தில் எண்ணுகிற வேலையே இல்லை, பெரியப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறுகிறார், எல்லார் கண்களிலும் நீர் அருவியாகக் கொட்டுகிறது. எங்கள் வட்டத்தில் அதை வாசித்தபோது ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை.

ஏன் என்று நான் நிறைய யோசித்தேன். முதல் வடிவத்தில் கதை சொல்கிற குரலுக்குப் பெரியப்பாவின் துக்கம் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போலப் பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொண்டே போகிறது. நாம் அவரைக் கஞ்சன் என்று நினைத்துச் சிரித்துவிடுகிறோம். ஸ்ட்ரா உறையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நம்மையே வந்து குத்துகிறது. கதறி அழுகிறவரைப் பார்த்து வாசகர் செய்ய ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் அவரே செய்துவிட்டார்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, அடுக்கும்போது நகையை முதலில் வைத்து அதற்கு அடுத்தபடியாக அழுகையை வைத்தார். அவர் மனதில் என்ன காரணம் இருந்ததோ, அவை பக்கத்துப் பக்கத்து வீடு என்றே எனக்குத் தோன்றும். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நாலையும் அவரே சொல்கிறார். பெரியப்பா எண்ணிக்கொண்டு நிற்பது பேதைமை, வெகுளித்தனம். அதைப் பார்த்துச் சிரிப்பு வருவதில் துக்கத்துக்கு எந்த அவமரியாதையும் இல்லை.

சொல்வது ஒன்றும் உணர்த்துவது வேறுமாக எழுதுவதும் நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான், அதியமானிடமிருந்து தூது வந்த ஔவை பார்க்கிறார். இங்கே இருக்கிற ஆயுதங்கள் மயில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் உள்ள பெரிய மாளிகையில் அழகாக இருக்கின்றன என்கிறார். அங்கே எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்திக் பக்கமும் நுனியும் சிதைந்து எப்போதும் கொல்லனுடைய சின்னப் பட்டறையில்தான் கிடக்கின்றன என்கிறார். நீ போருக்கே போனதில்லை என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாராட்டுகிற குரல், குறைப்பட்டுக்கொள்கிற குரல், அவ்வளவுதான். அங்கதத்தை, அதாவது குத்திக்காட்டும் கேலியை, நேராகச் சொல்லும் செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துச் சொல்லும் பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரித்தார்களே, இது இரண்டாவது வகை. ஔவை நேரடியாகத் திட்டியிருந்தால் தொண்டைமானுக்குக் கோபம் வந்திருக்கும். இப்படிச் சொன்னதால் தன் ஆயுதங்களை அவனே திரும்பிப் பார்த்திருப்பான்.

உரைநடைக்கு வந்தால், புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிராமில் போய் மிஞ்சும் காசில் வெற்றிலை போடுவதா, பஸ் கண்டக்டரை ஏமாற்றி அரைக் கப் காப்பி குடிப்பதா என்று ஒரு மனிதர் தெருவில் நின்று தீவிரமாகக் கணக்குப் போடுகிறார். கடவுள் வந்து அவரிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கடவுள் வந்துவிட்டாரே என்று கதையின் குரல் ஒரு இழை கூட உயரவில்லை. காப்பிக் கணக்கைச் சொன்ன அதே குரலில்தான் கடவுளையும் சொல்கிறது. அந்த ஒரே சுருதிதான் கதையைத் தாங்குகிறது. அதில் தனியாகப் பிடுங்கி எடுத்து ஜோக் என்று சொல்லக்கூடிய வரிகள் குறைவு, ஆனால் முழுக்கதையும் நம்மைச் சிரிக்க வைக்கிறது, சிரித்துக்கொண்டே சங்கடப்படவும் வைக்கிறது.

இங்கே நம் பிள்ளைகளுக்கு இந்தக் குரல் ஏன் வர மறுக்கிறது என்றால், தேர்வுக் கட்டுரைக்காக மரபுத்தொடரையும் பழமொழியையும் மனப்பாடம் செய்த பழக்கம் கதை எழுதும்போதும் கூடவே வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். மாமா சிக்கனமானவர், காசை எண்ணிச் செலவழிப்பவர் என்று எழுதிவிட்டு ஒரு பழமொழியையும் வைத்தால் முடிந்தது. மாமா வீட்டில் ஏர்கான் மாட்டி 6 வருடம் ஆகிறது, ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்கனம் என்ற சொல்லே தேவைப்படாது, மாமாவும் கண் முன்னால் நிற்பார், எழுதியவருக்கு மாமாவைப் பிடிக்கும் என்பதும் தெரியும்.

அந்தப் பிடிப்பு இல்லாத சிரிப்பும் நம் கதைகளில் வருகிறது, அதை நான் ஆதரிக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் தமிழைத் தப்பாகப் பேசுவதையும், ஊரிலிருந்து புதிதாக வந்த தொழிலாளி எம்ஆர்டி ரயில் கதவருகே திணறுவதையும் காட்டிச் சிரிக்க வைக்கிறார்கள். அங்கே கதை சொல்கிறவர் மேலே நின்றுகொண்டு கீழே பார்க்கிறார். ஒரே சம்பவத்தை அந்தத் தொழிலாளியின் வாயால் சொல்ல வைத்தால், கதவுக்குள் நிற்கிற நாம் எப்படித் தெரிவோம் என்று பாருங்கள். சிரிப்பு அப்போதும் வரும், ஆனால் திசை மாறியிருக்கும்.

இன்னொன்று. இந்த ஊர்த் தமிழ் எழுத்தின் தொடக்க காலத்திலேயே சிரிப்பு இருந்தது என்று சொன்னால் பல பேர் நம்புவதில்லை. மகுதூம் சாயபு நடத்திய சிங்கைநேசன் இதழில் 1888ஆம் ஆண்டிலேயே 'விநோத சம்பாஷணை' என்ற வேடிக்கை உரையாடல் வந்துவிட்டது. அதைச் சிறுகதை என்று சொல்லலாமா கூடாதா என்று ஆய்வாளர்கள் பேசிக்கொள்ளட்டும். விநோதமும் சம்பாஷணையும் நம் தொடக்கத்திலேயே இருந்தன என்பது எனக்குப் பெரிய தெம்பு.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துக்கக் கதையில் சிரிப்பு வந்தால் உடனே கோடு போடாமல், அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எந்த இடத்தில், எப்படிப் பொருந்தவில்லை என்று எழுதுங்கள். 17 வயதுப் பிள்ளை ஒற்றை வரிக் குறிப்பை நம்பி, தான் எழுதியதில் நல்லதாக இருந்ததையே வெட்டி எறிந்துவிடுகிறது.

அந்தப் பெண் பழைய வடிவத்தை நல்லவேளையாக அழிக்கவில்லை, தொலைபேசியில் இருக்கிறது என்றாள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதையே மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறாள். கட்டுரை எழுதியவருக்கு நேரம் இருந்தால் அவரும் வரட்டும், ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஈசூன்