கைகொடுக்க வைத்தால் முடிந்துவிடுமா?

திருகோணமலைப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். இரண்டு பிள்ளைகளை இங்கே படிக்க வைக்கும் தாய் நான். எந்தப் பாடசாலை என்று எழுதப்போவதில்லை. உவர்மலை, பாலையூற்று, நிலாவெளி என்று எந்தப் பக்கத்துத் தாய்மாரோடு கதைத்தாலும் பிள்ளையின் பெயர்தான் மாறுகிறது, வகுப்பில் வதைபடும் கதை ஒன்றுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையை மற்றவர்கள் தொடர்ந்து வதைக்கிறார்கள் என்று முறைப்பாடு வந்தால், எல்லாரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "சரி, கைகொடுங்கோ, இனிச் சண்டை பிடிக்கக்கூடாது" என்று அனுப்பிவைப்பதை நிறுத்துங்கள்.

அவுட்டா இல்லையா என்று இரண்டு பெடியன்கள் அடிபட்டால் அது சண்டை. கைகொடுத்தால் பின்னேரமே ஒன்றாக விளையாடுவார்கள். நான்கு பேர் சேர்ந்து, திருப்பிக் கேட்க மாட்டான் என்று தெரிந்தே ஒருவனை நாள்தோறும் சீண்டுவது சண்டையே இல்லை. 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஒல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதைக் கவனிக்காமல்தான் நாங்கள் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, தரம் 8. தகப்பன் கடலுக்குப் போகிறவர். வகுப்பில் அவனுக்கு வைத்த பெயர் 'கருவாடு'. இடைவேளையில் அவனுடைய புத்தகப்பையைத் திறந்து மணந்து பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் இப்படி ஒரு நக்கல்! ரீச்சர் உள்ளே வந்தால் எல்லாரும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் தாய் போய் முறையிட்டாள். வழக்கம்போல கைகொடுக்க வைத்தார்கள். அடுத்தநாள் காலை வகுப்புப் பெடியன்கள் வரிசையாக வந்து அவனுக்குக் கைகொடுத்தார்கள். கொடுத்த ஒவ்வொருவனும் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாடசாலையைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்துவிட்டது.

ஆகவே தனித்தனியாக விசாரியுங்கள். வதைபட்ட பிள்ளையை மற்றவர்களுக்கு முன்னால் நிறுத்தி "இவர்கள் என்ன செய்தார்கள், சொல்லு" என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளை சொல்லும்? பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் கவனித்தால் தெரியும். நிரப்பிய தண்ணீர்ப் போத்தல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். குடித்தால் மலசலகூடத்துக்குப் போக வேண்டும், அங்கேதான் அவர்கள் நிற்பார்கள். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி வரும். குழுவாகச் சேருங்கள் என்று நீங்கள் சொன்னதும் யாரும் சேர்க்காமல் தனியே நிற்பது யார் என்று பாருங்கள்.

வதைத்தவனுக்குப் பிரம்படி கொடுங்கோ என்று கேட்கும் பெற்றோரும் எங்களில் இருக்கிறோம். உடல்ரீதியான தண்டனை வேண்டாம் என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைவிட, பலமானவன் பலவீனமானவனுக்கு அடிக்கலாம் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே திரும்பவும் ஏன் படிப்பிக்க வேண்டும்?

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். கனடாவில் பாடசாலை மைதானங்களில் ஒளிப்பதிவு செய்து பார்த்த ஆய்வொன்றில், பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்று இடையில் புகுந்தபோது பாதிக்கும் அதிகமான தடவைகளில் பத்து செக்கனுக்குள் அந்த வதை நின்றிருக்கிறது. மாணவத் தலைவர்களுக்குத் தலைமயிரையும் சப்பாத்தையும் பார்க்கிற வேலை போதும். இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியிலும் பின்பக்கப் படிக்கட்டிலும் நின்று, "விடடா அவனை" என்று சொல்லப் பழக்குங்கள். ஆசிரியர் ஒருவரும் அங்கே நடந்து திரியட்டும்.

வாட்ஸ்அப் விஷயமும் இருக்கிறது. வகுப்புப் பிள்ளையின் படத்தை ஸ்டிக்கராக்கி இரவு முழுக்க அனுப்பிச் சிரித்துவிட்டுக் காலையில் அதே வாங்கில் வந்து இருக்கிறார்கள். "அது பாடசாலைக்கு வெளியே நடந்தது" என்ற பதிலை இனிச் சொல்லாதீர்கள். போனை வாங்கிக் கொடுத்த நாங்களும் எங்கள் பங்கைப் பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அதிபர் அறைக்குள் ஒட்டாமல், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். பெற்றோர் பலர் அந்த இலக்கத்துக்கு எடுக்கப் பயப்படுகிறார்கள், பிறகு பிள்ளையைப் பாடசாலை ஒதுக்கிவிடுமோ என்று. அந்தப் பயத்தைப் போக்க உங்களால்தான் முடியும். அடுத்த தவணையின் முதல் பெற்றோர் கூட்டத்தில், இப்படியான முறைப்பாட்டை எந்த ஆசிரியரிடம் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் பதில் வரும் என்று எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருகோணமலை