கிருஷ்ணகிரிப் பக்கமும் ஒரு போட்டி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஜூனியர் டென்னிஸ் திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 14 வயதுக்குட்பட்டோர் பயிற்சி முகாமுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. பக்கத்து தருமபுரியிலிருந்தும் இல்லை. போன் செய்து விசாரித்தால், "ரேங்க் வந்ததும் அனுப்புங்க சார், பார்க்கலாம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த ரேங்கை, அதாவது போட்டிகளில் ஆடிப் பெறும் தரவரிசை இடத்தை, எங்கே போய் வாங்குவது என்று கேட்கத்தான் இந்த மடல்.

நடைமுறை உங்களுக்குத் தெரியாததல்ல. ரேங்க் உள்ள பிள்ளைகள் நேராக மெயின் டிராவில், அதாவது பிரதான சுற்றுகளில், இறங்குவார்கள். இல்லாதவர்கள் குவாலிஃபையிங் என்ற தகுதிச் சுற்றில் முட்டி மோதி உள்ளே வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதற்கே பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இப்போது ரயில் கிடையாது. சரி, அதை உங்களிடம் கேட்டு என்ன பயன்!

பஸ் அலுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் பழகுவது ஒரு சிமென்ட் தளத்தில். பேஸ்லைன் என்கிற பின்கோட்டின் ஓரமாக ஒரு விரிசல் ஓடுகிறது. அதில் விழுந்த பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்கு மனப்பாடம். வலை நடுவில் தொங்கிவிடுவதால் நைலான் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறோம். பெங்களூரில் ஆடித் தள்ளிய பழைய பந்துகளை மூட்டையாக வாங்கி வருவோம். மேல் ரோமமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். சிமென்டில் பட்டதும் தாழ்வாக, விருட்டென்று வரும்.

இதிலேயே பழகிய பிள்ளையைச் சென்னையில் செம்மண் தளத்தில் இறக்கினேன். அங்கே புதுப் பந்து மண்ணில் குத்தி, வேகம் குறைந்து, அவள் தோள் உயரத்துக்கு எழும்புகிறது. இவள் பழக்கதோஷத்தில் முன்னாடியே மட்டையை வீசிவிடுகிறாள். எதிரே ஆடிய பெண் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுக்கிறாள். இவள் சறுக்கினால் விழுகிறாள். போட்டிருந்ததும் சிமென்டில் ஆடுகிற ஷூ. ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. தோற்றதற்கு அவள் அழவில்லை. "இந்த மண்ணுல எப்படிப்பா நிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் பயிற்சியாளர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் போய்க் கேட்க ரேங்க் வேண்டுமே!

அதனால்தான் கேட்கிறேன். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வருடத்துக்கு ஒரு தரவரிசைப் போட்டி நடத்துங்கள். அதற்கு வருகிற உங்கள் ஆட்கள், ரேங்க் இல்லாத பிள்ளைகள் ஆடுவதையும் அரை நாள் நின்று பார்க்கட்டும். நான் மாங்காய் மண்டி வைத்திருப்பவன். பள்ளி விடுமுறையில் போட்டிகள் வரிசையாக வரும் மே மாதம்தான் எங்களுக்கு சீசன். லோடு நிற்கும்போது கடையை விட்டு எங்கே நகர்வது? இங்கேயே நடந்தால் லோடு ஏற்றிவிட்டு வந்து ஓர் ஆட்டம் பார்ப்பேன்.

ஜூனியர் மட்டத்தில் நம் நாடு ஜெயிக்காமல் இல்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இலும், அவர் மகன் ரமேஷ் 1979-இலும், லியாண்டர் பயஸ் 1990-இலும் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார்கள். 2009-இல் யூகி பாம்ப்ரி ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் வென்றார். அப்புறம்? பெரியவர்கள் ஒற்றையரில், விம்பிள்டன் போன்ற நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் ஒன்றையாவது வென்ற இந்தியர் இன்றுவரை ஒருவருமில்லை. பதினெட்டு வயது தாண்டியதும் பிள்ளை தொழில்முறைப் போட்டிகளுக்குப் போக வேண்டும். அதன் கீழ்ப்படியில் இருக்கும் 15,000 டாலர் போட்டி என்றால், அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பரிசுப் பணம். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது விமான டிக்கெட்டுக்குக் காணாது. சுமித் நாகல் 2023-இல் நாட்டின் முதல்நிலை வீரராக இருந்தபோதே, வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னார். மறு வருடம் பிப்ரவரியில் சென்னையில் நடந்த சேலஞ்சர் எனும் இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டியை வென்றுதான் உலகத் தரவரிசையில் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். அவரும் ஹரியானாவில் ஜஜ்ஜர் பக்கத்துக் கிராமத்துப் பையன். சிறு வயதிலேயே டென்னிஸ் வீரர் மகேஷ் பூபதியின் பயிற்சித் திட்டத்தில் ஆள் தேடியவர்களின் கண்ணில் பட்டதால் வந்தவர். கண்ணில் படாதவர்கள் எத்தனை பேரோ.

ஓசூர் ரோஜா விமானம் ஏறுகிறது. எங்கள் மாம்பழக் கூழ் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. பிள்ளைகளை மட்டும் குவாலிஃபையிங்கோடு திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். திறமையெல்லாம் மாநகர எல்லைக்குள்தான் பிறக்கும் என்று ஏதாவது சுற்றறிக்கை இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

கோபத்தில் வார்த்தை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய அகாடமி கட்டித் தாருங்கள் என்றோ, என் மகளை முகாமில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒரு தரவரிசைப் போட்டி, அவ்வளவுதான். தளம் சரியில்லை என்பீர்கள். உண்மைதான். தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் விரிசலை அடைத்து, கோடு போட்டு, புது வலை கட்ட இங்குள்ள பெற்றோர்கள் தயாராக இருக்கிறோம். நடுவர்கள் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அடுத்த ஆண்டு காலண்டர் போடும்போது ஒரு வாரத்தை எங்களுக்கு ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றாலும், தயவுசெய்து அதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ரேங்க் இல்லாத ஒரு வீராங்கனையின் தந்தை,
கிருஷ்ணகிரி மாவட்டம்