நெற்பயிருக்குத் தமிழ், நோயாளிக்கு ஆங்கிலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வார மருத்துவப் பகுதியில், மருத்துவமனை தரும் தாள்களை நோயாளிகள் படித்துப் பார்ப்பதே இல்லை, பாதித் தொல்லைக்கு அதுதான் காரணம் என்ற பொருளில் டாக்டர் ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் படித்தோம், ஐயா. நானும் என் மனைவியும் கூடத்து ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவான ஒரே மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தோம். படித்ததால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு முடக்குவாதம். சென்ற தை மாதம் மூட்டு வீக்கம் அதிகமாகி, மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தாள். காலை பத்தரை மணிக்கு "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். காப்பீட்டு ஒப்புதல் வந்து, பில் முடிந்து, டிஸ்சார்ஜ் சம்மரி என்ற தாள் கைக்கு வரும்போது மாலை ஆறேகால். சக்கர நாற்காலி லிஃப்ட் வாசலில் நிற்க, நர்ஸ் தங்கை ஒருவர் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கி முடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் இன்னும் மூன்று நாற்காலிகள் நின்றன.

மூன்று பக்கமும் ஆங்கிலம். அதில் இரண்டு இடங்களில் என் மனைவியை ஆணாக்கியிருந்தார்கள், அது போகட்டும். மருந்துப் பட்டியலின் நான்காவது வரியில் 'எம்.டி.எக்ஸ். 7.5' என்று போட்டு எதிரே 'ஓ.டபிள்யூ.' என்றும், அதற்கு அடுத்த வரியில் 'ஃபோலிக் ஆசிட் 5' என்று போட்டு எதிரே 'ஓ.டி.' என்றும் அச்சிட்டிருந்தது. ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை என்பது ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் எனக்குத் தெரியும். மற்றதும் அதன் உறவினராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மருந்துக் கடைப் பையனும் அப்படியே நினைத்தான் போலும். இரண்டு உறையிலும் பேனாவால் 'காலை 1' என்று எழுதிக் கொடுத்தான்.

எட்டாம் நாள் என் மனைவியால் மோர் சாதம்கூட விழுங்க முடியவில்லை. வாய் முழுதும் புண். வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த இளம் டாக்டர் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் காலிக் குழிகளை எண்ணினார். எட்டு. எம்.டி.எக்ஸ். என்று சுருக்கியிருந்த மெத்தோட்ரெக்சேட் என்னும் அந்த மருந்து இந்த நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் தரப்படுகிறது. ஓ.டபிள்யூ. என்றால் அதுதான், வாரம் ஒரு முறை. இரண்டு மாத மருந்தை எட்டு நாளில் கொடுத்திருக்கிறேன், என் கையாலேயே, வேளை தவறாமல். ரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கிவிட்டன. முறிவு மருந்து ஏற்றி, ஒரு வாரம் வைத்திருந்து, ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

முதல் மருத்துவமனையில் போய்க் கேட்டபோது, "ஓ.டபிள்யூ. என்று தெளிவாகப் போட்டிருக்கிறோமே சார், நீங்கள் படித்தவர்தானே?" என்றார்கள். மருந்தின் பொதுப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிடல் லெட்டர்) எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது தாங்கள் அறியாததல்ல. அவர்கள் பொதுப்பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். பெரிய எழுத்தைப் பொறுத்தவரை விதியை மீறவில்லை, ஓ.டபிள்யூ. இரண்டுமே பெரிய எழுத்துதான். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 முதல் விதி இருக்கிறது. எனக்கு அவை பத்தொன்பதாம் நாள் கிடைத்தன, அதுவும் நான்காம் முறை பஸ் ஏறிய பிறகு.

நான் வேளாண்மைத் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்தவன். பூச்சி மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, சாய்சதுரத்தில் சிவப்பு என்றால் கடும் நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று வயல் வரப்பிலும் டீக்கடை பெஞ்சிலும் சொல்லிச் சொல்லி அலுத்தவன். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, டப்பாவோடு வைக்கும் விளக்கத் தாள் இந்தி, ஆங்கிலத்தோடு அந்த வட்டார மொழியிலும் இருந்தாக வேண்டும். எழுத்து பொடியாகத்தான் இருக்கும், என்றாலும் தமிழ் இருக்கும். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு ஏக்கருக்கு எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லக் கடமைப்பட்ட நாட்டில், என் மனைவி எந்தக் கிழமை மாத்திரை போட வேண்டும் என்பதைத் தமிழில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

அந்த மருத்துவமனைக்குத் தமிழ் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தங்கள் இதழின் பின்னட்டையிலேயே முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. 'உங்கள் குடும்பத்தில் ஒருவராக' என்கிற பாணியில், ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ். வாசலுக்கு வரும்வரை தமிழ், உள்ளே வந்தபின் ஆங்கிலம். பில்லை மட்டும் எவரும் சுருக்கி எழுதுவதில்லை. கையுறை எத்தனை ஜோடி, பஞ்சு எத்தனை கிராம் என்று நான்கு பக்கத்துக்கு விரித்துத்தான் இருந்தது.

2014இல் எனக்குக் கண்புரை அறுவை நடந்தபோதும் இதே கதைதான். ஒப்புதல் படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்றார்கள். கண்ணில் மருந்து விட்டு அரை மணி ஆகியிருந்தது. தமிழில் இருந்தாலும் படித்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றை நோயாளி போதிய அளவு அறிந்து தருவதே செல்லும் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008லேயே சொல்லிவிட்டது. பென்சில் குறிக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் எட்டவில்லை.

தமிழில் தாள் கொடுத்த ஓரிடமும் உண்டு. என் தம்பியின் சர்க்கரை நோய்க்கு ஓர் உணவுப் பட்டியல் தந்தார்கள். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் எல்லாம் தமிழ் எழுத்தில் இருந்தன. கூத்தாநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவன் தினமும் சாப்பிடும் பழைய சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மருத்துவத்தைத் தமிழில் எழுதினால் பொருள் மாறிவிடும் என்று ஒரு மருத்துவமனை மேலாளர் எனக்குப் பாடம் நடத்தினார். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறு முதல் வேதியியல் வரை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். என் சிறு வயதில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், மிக்சர் பாட்டிலின் பக்கவாட்டில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை ஓரங்களில் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. கைநாட்டு வைக்கும் என் பாட்டி அதைப் பார்த்து ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து ஊற்றினாள். பட்டம் பெற்ற அவள் பேரனால் முடியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை மருந்துக்கு எதிரே 'ஞாயிறு மட்டும்' என்றோ வேறு எந்தக் கிழமை என்றோ தமிழில் அச்சிடும்படி, அந்தப் பகுதியை எழுதும் டாக்டர் தம் சகாக்களிடம் சொல்லட்டும். ஓ.டி., பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ்., ஓ.டபிள்யூ. ஆகியவற்றின் பொருளைத் தாங்கள் ஒரு வாரம் கால் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிட்டால், கத்தரித்து மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிக்கொள்வோம். பின்னட்டையில் இடம் இருக்காது என்பது தெரியும். உள்ளே எங்கேயாவது போடுங்கள்.

அந்தத் தாளின் நகலை, பெயர்களை மறைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்காவது வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுள்ளேன். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி.