எழும்பூரில் நம்ம ஊர்ச் சாமி

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. நீ இறங்கிவிட்டேன் என்று போன் பண்ணிய பிறகுதான் அப்பா படுத்தார்.

உன்னை விமானம் ஏற்றிவிட்டு அன்றைக்கே ரயில் ஏற வேண்டாம் என்று எழும்பூர் ரயிலடிப் பக்கத்துச் சந்தில் இரண்டு நாளைக்கு ஹோட்டல் எடுத்துக் கொடுத்தாய். வீண்செலவு என்று கோபித்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், நல்ல காரியம் செய்தாய். ரயிலடி இரைச்சல் துளிகூட அந்தச் சந்துக்குள் வரவில்லை. ஜன்னலை ஒட்டி ஒரு வேப்பமரம். காலையில் எங்களை எழுப்பியது காக்கைதான்.

நாற்பது வருஷமாக சீர்காழியில் ஏறி எழும்பூரில் இறங்குகிறோம். இறங்கினால் ஆட்டோ, காரியம் முடிந்தால் திரும்ப ரயில். அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. 1908-ல் திறந்தார்களாம். அதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் பாந்தியன் சாலையில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தையும் வடிவமைத்தவர். அப்பா வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே மியூசியம். 1851-ல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களை முழங்கால் வலியோடு அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு அர்த்தநாரி. எந்த ஊர் என்று குனிந்து படித்தேன். திருவெண்காடு! உடம்பு சிலிர்த்துவிட்டது, செல்வி. உன்னைக் கருவில் சுமந்தபோது புதன்கிழமை தவறாமல் நான் போன கோயில்.

சோழர் காலம், பதினோராம் நூற்றாண்டு. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. அம்மன் பாதியில் இடுப்பு ஒசிந்து நிற்கிற அழகை எப்படி எழுதுவேன்? கோயிலில் உற்சவருக்குப் பட்டும் மாலையும் சாத்தி முகம் மட்டும்தானே நமக்குத் தெரியும். இத்தனை வருஷம் கும்பிட்டும், மெழுகில் பிடித்து வார்த்த அந்த ஸ்தபதியின் கையை நான் பார்த்ததில்லை. அங்கேதான் பார்த்தேன். விளக்கில்லை, பூவில்லை என்று மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. யாரும் இல்லாத நேரம் கைகூப்பிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நிலையத்துக்கு அந்தப் பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்குப் போனோம். 1821-ல் கட்டியது. உள்ளே விதானம் முழுக்க நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். சதுப்பு மண் என்பதால் உறைகிணறுகள் இறக்கி, அதன்மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். நம் கொல்லையில் தாத்தா இறக்கினாரே, அதே மாதிரி! அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ராத்திரி வரைக்கும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை வரும்போது விமான நிலையத்திலிருந்து நேரே ஊருக்கு ஓடிவராதே. நாங்கள் எழும்பூருக்கு வந்துவிடுகிறோம். அதே சந்தில், அதே வேப்பமரத்துப் பக்கம் அறை எடு. உன்னை அந்த அர்த்தநாரி முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையாக மட்டும் பார்த்து வராதே, அன்றைக்கு மியூசியம் கிடையாது.

அன்புடன்,
அம்மா