ஏரிக்கரையோடு நின்றவர்களுக்கு நன்றி

நம் ஊர்க்காரர்களுக்கும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

மழை வெள்ளத்தில் உடையப் பார்த்த நம் ஏரிக்கரை தப்பித்தது. ஏரி நிரம்பி இன்னும் கோடி போகிறது, அதாவது உபரி வழிகிறது. ஆனாலும் மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. இந்த ஈரம் காயும் முன்னே நன்றி சொல்லிவிட வேண்டும்.

சேர்வராயன் மலையில் கொட்டும் மழை நமக்கு யோசிக்க நேரம் தராது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு நகரத்தைக் கடந்து உத்தமசோழபுரம் தாண்டும்போது ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே இழுத்துவருகிறது. அந்தக் குப்பை, ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கில் அடைத்தால் ஏரி மட்டம் ஏறும். ஏறினால் கரையில் எங்கே ஓட்டை என்று தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறையும் அப்படித்தான் கரையடியில் ஊற்றுக் கிளம்பியது.

ஏரித் தண்ணீர் பாயும் கீழ் ஆயக்கட்டிலிருந்து யாரும் கூப்பிடாமலே வந்த பெரியவருக்கு முதல் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கரையின் வெளிப்புற அடியில் ஊற்றுக் கிளம்பினால் மண்மூட்டையை அதன்மேல் போட்டு அமுக்கத்தான் கை போகும். அவர் விடவில்லை. அமுக்கினால் தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும், உள்ளே கரைமண்ணை அரித்துக்கொண்டே. ஊற்றை நடுவில் விட்டு, கிணற்று உறை போல மூட்டைகளை வட்டமாக அடுக்கச் சொன்னார். மூட்டை முக்கால்வாசிக்கு மேல் நிரம்பக் கூடாது. நிரம்பினால் ஒன்றோடொன்று படியாமல் இடுக்கில் பீறிடும். வட்டத்துக்குள் தண்ணீர் முழங்கால் அளவு ஏறி வேகம் அடங்கிய பிறகுதான் மணல். முன்னாலேயே கொட்டினால் ஊற்று அதைத் தூக்கி எறிந்துவிடும். அரையடி பருமணல், அதன்மேல் சிப்ஸ் ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வெளியேற ஒரு குழாய்.

பிறகு ஒரு டீ கிளாஸ் கேட்டார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, கல்மேல் தெளிய வைத்தார். முதலில் வந்தது செம்மண் கலங்கல். அடியில் நகக்கனத்துக்கு வண்டல். "எவ்வளவு வருதுன்னு பாக்காதீங்க, என்ன நிறத்துல வருதுன்னு பாருங்க" என்றார். விடியும்வரை பிடித்துப் பிடித்துப் பார்த்தபடியே இருந்தார். தெளிந்த தண்ணீர் வந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினார். இப்படி ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இடுப்பில் கயிறு கட்டிக் கலிங்கில் தாமரை இழுத்த தம்பிகள், அந்த நேரத்திலும் ஜல்லி கொண்டுவந்த டிப்பர் ஓட்டுநர்கள், சாக்கு தைத்துச் சோறும் வடித்த அக்காக்கள், மதகைப் படிப்படியாகத் திறந்த பணியாளர்கள், எல்லோருக்கும் நன்றி. மதகை அவசரப்பட்டு முழுக்கத் திறந்திருந்தால், ஊறிப்போன உட்சரிவு அப்படியே சரிந்திருக்கும்.

தண்ணீர் வடியும்வரை அந்த வட்டத்தை யாரும் கலைக்க வேண்டாம். ஏரி வற்றியதும் எலிவளை, நண்டுவளை, கரையான் புற்று எல்லாவற்றையும் தோண்டி, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவோம். வெட்டிய வேலிக்கருவேலத்தின் வேரையும் பிடுங்க வேண்டும். அது மக்கினால் கரைக்குள் குழாய் போட்ட கணக்காகிவிடும். வருஷாவருஷம் ஐப்பசி பிறக்குமுன் கலிங்கைச் சுத்தம் செய்வது இனி ஊர்க் கடமை. பெரியவரும் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நாள் குறித்ததும் சொல்கிறோம், மண்வெட்டியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரை ஊர்மக்கள்