அண்ணன் பல் துலக்கும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘தி சிஸ்டர்ஸ் பிரதர்ஸ்’ படத்துக்கு வந்திருந்த விமர்சனத்தைப் படித்தேன். கௌபாய் படம் என்று நம்பி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரமும் குதிரைகள் நடந்துகொண்டே இருக்கின்றன, துப்பாக்கி எப்போதாவதுதான் வெடிக்கிறது என்று விமர்சகர் நொந்திருந்தார். வாஸ்தவம்தான். அந்த நடைக்காகவே நான் மூன்று முறை பார்த்தேன்.

சண்டையே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படம் தொடங்குவதே அதில்தான். 1851, ஓரிகன், கும்மிருட்டு. திரையில் ஆள் முகம் தெரியாது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பொறி மின்னி அணையும், அவ்வளவுதான். கொட்டகை பற்றிக்கொள்கிறது, ஒரு குதிரை உடம்பில் தீயோடு இருட்டுக்குள் ஓடுகிறது. ஈலை, சார்லி என்ற அண்ணன் தம்பி இருவரும் கொமடோர் என்கிற பெரிய மனிதனுக்குக் கூலிக்குக் கொலை செய்பவர்கள். (ஈலையை ‘எலி’ என்று அச்சிட்டிருந்தீர்கள். பாவம் அவன்.) இதையெல்லாம் இயக்குநர் ழாக் ஒதியார் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிடுகிறார். அப்புறம் அவர் பார்ப்பதெல்லாம், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவே பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைத்தான்.

ஜான் சி. ரைலி நடித்த அண்ணன், வழியில் ஒரு கடையில் பல் துலக்கும் பிரஷ் வாங்குகிறான். அதுவரை அப்படி ஒரு பொருளை அவன் தொட்டதில்லை. பொடியைத் தொட்டு, பயந்து பயந்து வாய்க்குள் விட்டுத் தேய்க்கிறான். ஒரு டீச்சர் கொடுத்த சிவப்புச் சால்வையை இரவில் எடுத்து முகர்ந்துவிட்டு மறுபடி மடித்து வைக்கிறான். தூங்கும்போது ஒரு சிலந்தி அவன் வாய்க்குள் போய்விட, முகம் வீங்கிப் படுத்துவிடுகிறான். படத்தின் நடுவே ஆற்றங்கரையில் ஒரு காட்சி வருகிறது. கொமடோருக்காகத் துப்பறிய வந்து பிறகு எதிரணிக்குப் போய்விட்ட மோரிஸும் (ஜேக் ஜிலன்ஹால்) பிரஷ்ஷோடு நிற்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், வாய் நிறைய நுரை. ஒரு வசனம் கிடையாது. ‘காட்சி நகரவில்லை’ என்று உங்கள் விமர்சகர் குறித்தது இதைத்தான் என்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் பேரன் எல்லாப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறவன். இந்த இடத்தில் அவனே விரலை எடுத்துவிட்டான்.

அண்ணன் தம்பி விஷயத்தை விமர்சனம் ஒரே வரியில் கடந்துவிட்டதுதான் எனக்குப் பெரிய குறை. அப்பன் குடிகாரன், வீட்டில் எல்லோரையும் அடித்தவன். அவனைக் கொன்றது தம்பி சார்லி (வாக்கீன் பீனிக்ஸ்). அந்தப் பாவத்தைத் தம்பி குடித்துக் குடித்துக் கரைக்கப் பார்க்கிறான். அண்ணனுக்கோ வேறு வலி. மூத்தவன் நான், அதை நான்தானே செய்திருக்க வேண்டும், என் பங்கைச் சின்னவன் தலையில் ஏற்றிவிட்டேனே என்கிறான். தம்பியின் அழிச்சாட்டியத்தையெல்லாம் அவன் ஏன் பொறுத்துக்கொண்டு கூடவே போகிறான் என்பது அங்கேதான் விளங்குகிறது. கூடப்பிறந்தவர்கள் உள்ள யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து அந்தத் திராவகம். ரிஸ் அகமது நடித்த வார்ம் என்ற இளைஞன் ஒரு கலவை கண்டுபிடித்திருக்கிறான். அதைப் பறிக்கத்தான் கொமடோர் சகோதரர்களை அனுப்பியிருக்கிறான். ஆற்றில் ஊற்றினால் இரவில் தங்கம் மட்டும் ஒளிரும், கையாலேயே பொறுக்கலாம். ‘காதில் பூ’ என்று எழுதியிருந்தீர்கள். கலவை கற்பனைதான், சரி. அதற்குப் பின்னால் இருக்கும் அவசரம் கற்பனை இல்லை. 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவில் கொலோமா என்ற இடத்தில், சட்டரின் மரமில்லுக்கு வெட்டிய கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்குகளைக் கண்டார். சாம் பிரானன் என்ற கடைக்காரர் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் தங்கத்தூள் குப்பியை ஆட்டிக்கொண்டு கூவினார். கூவுவதற்கு முன்பே தட்டு, மண்வெட்டியெல்லாம் வாங்கித் தன் கடையில் குவித்துவைத்துவிட்டார், ஆள் கெட்டிக்காரர். படம் நடக்கும் 1851-க்குள் தட்டில் அரித்தால் கிடைக்கிற தங்கம் குறையத் தொடங்கிவிட்டது. தூளாகப் போவதையும் பிடித்துவிட மனிதர்கள் நாடியது பாதரசம். சான் ஹோசே பக்கத்தில் நியூ அல்மேடனில் அதற்கும் சுரங்கம் இருந்தது.

என் அப்பா பொற்கொல்லர். பட்டறை வாசல் சாக்கடை மண்ணை அள்ளிப் போக ஆட்கள் வருவார்கள். மண்ணை அகலமான தட்டில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழுவி, அடியில் தங்கும் கறுப்புப் பொடியில் பாதரசத்தை விட்டுக் கையாலேயே பிசைவார்கள். அது தங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வெண்ணெய் மாதிரி திரளும். அதைச் சூடாக்கினால் பாதரசம் புகையாகப் போய்விடும், பொட்டுத் தங்கம் மிஞ்சும். அந்தப் புகையை நாங்கள் சிறுவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கலிபோர்னிய ஆறுகளில் அன்று கலந்த பாதரசத்தால் இன்றும் சில இடங்களில் மீனை அளவாகச் சாப்பிடச் சொல்லி எச்சரிக்கிறார்கள். படத்தில் அந்தத் திராவகத்தில் மீன் செத்து மிதப்பதும், பேராசையில் தம்பி மொத்தத்தையும் கவிழ்க்கப்போய் துப்பாக்கி பிடித்த கையையே இழப்பதும் எனக்குக் காதில் பூவாகத் தெரியவில்லை.

வார்ம் அந்தப் பணத்தைக் கொண்டு டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் எல்லோரும் சமமாக வாழும் ஒரு குடியிருப்பு அமைக்கக் கனவு காண்கிறான். இதுவும் அடியோடு புனைவு அல்ல. 1855-இல் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள் அதே டல்லாஸ் அருகே ‘லா ரெயூனியன்’ என்ற குடியிருப்பை அமைத்தார்கள். சில ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. வந்தவர்களில் விவசாயம் தெரிந்தவர்கள் குறைவு.

இன்னொன்று. ஒதியார் இதற்கு முன் எடுத்த படம் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்து 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய ‘தீபன்’. விமர்சனம் அதைக் குறிப்பிடவே இல்லை. ஆயுதத்தால் வாழ்ந்த ஒருவன் அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்றுதான் அங்கேயும் கேட்டார். அங்கே பாரிஸ் புறநகர் அடுக்ககம், இங்கே ஓரிகன் காடு. அடுத்தடுத்து பார்த்தால் ஒரே ஆள் எடுத்தது என்று தெரியும். இந்தப் படத்துக்கு 2018-இல் வெனிஸில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. வசூலில் படுத்துவிட்டது என்பதும் உண்மை.

முடிவை விமர்சகர் ஏற்கெனவே போட்டு உடைத்துவிட்டதால் நானும் சொல்கிறேன். கொமடோரைக் கொன்றால்தான் விடுதலை என்று சகோதரர்கள் திரும்பி வருகிறார்கள். அவன் ஏற்கெனவே செத்துச் சவப்பெட்டியில் கிடக்கிறான். ஈலை அருகே போய், நிஜமாகவே செத்துவிட்டானா என்று பிணத்தின் முகத்தில் ஓங்கிக் குத்திப் பார்க்கிறான். பிறகு அம்மா வீடு. கதவைத் திறக்கும் அம்மா கையிலும் துப்பாக்கிதான்! அப்புறம் குளியல், சாப்பாடு, சின்ன வயதில் படுத்த கட்டில். கேமரா அறை அறையாக மெதுவாகப் போகிறது. இந்த இடத்தை ‘இழுவை’ என்று எழுதிய உங்கள் விமர்சகர், எத்தனை நாள் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார் என்று கேட்டுச் சொல்லவும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்

பி.கு.: தலைப்பை ‘சகோதரிகளும் சகோதரர்களும்’ என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். சிஸ்டர்ஸ் என்பது அவர்கள் குடும்பப் பெயர். படத்தில் சகோதரி யாரும் கிடையாது.