கப்பல் பயணக் காப்பீடு: முன்பணம் கட்டும் நாளிலேயே எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சொகுசுக் கப்பல் பயணங்கள் குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கி வைத்த பயணம், மறு ஆண்டு அதே துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போன கப்பல், சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்வரும் பெரிய கப்பல்கள் என எல்லாம் அதில் இருந்தன. அறைகளின் வகைகளும் விருந்துகளும் நீச்சல்குளங்களும்கூட விரிவாக எழுதப்பட்டிருந்தன. காப்பீட்டுக்கு மட்டும் கடைசிப் பத்தியில் ஒரே வரி: புறப்படுவதற்கு முன் எடுத்துக்கொள்வது நல்லது என்று. எப்போது, யாரிடம் எடுப்பது என்பது அந்த ஒரு வரியில் அடங்காது என்பதைப் பணம் இழந்து தெரிந்துகொண்டவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் கணவருக்கு எழுபது வயது நிறைந்ததையொட்டித் திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்துவிட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் வசிக்கும் மகளோடு நான்கு இரவுகள் கப்பலில் போவதென்று முடிவாயிற்று. ஆகஸ்டில் முன்பணம் கட்டினோம். அக்டோபரில் மீதியையும் செலுத்தினோம். விமானக் கட்டணத்தோடு சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. காப்பீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அது ஐந்து நிமிட வேலை, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போட்டுக்கொள்ளலாம், இப்போதே போட்டால் பணம் வீண் என்றார் எங்கள் பயண முகவர். பயணமே டிசம்பரில் என்னும்போது ஆகஸ்டில் காப்பீடு எதற்கு என்று எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. நவம்பர் மூன்றாம் வாரம், மழையில் பாசி பிடித்திருந்த கொல்லைப்புறப் படியில் கணவர் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கப்பல் நிறுவனத்துக்கு எழுதினோம். புறப்பாடு நெருங்கிவிட்டதால் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பாது என்று, ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. அந்தப் பிரிவு நாங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் முதலிலிருந்தே இருந்ததுதான்.

வீட்டில் படுத்திருந்த கணவரைப் பார்த்துக்கொண்டே காப்பீட்டு நிறுவனங்களின் பாலிசி வாசகங்களை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. பயணக் காப்பீட்டில் இரண்டு விதமான பாதுகாப்பு ஒரே தாளில் கட்டப்பட்டிருக்கிறது. மருத்துவச் செலவு, பெட்டி தொலைதல், கடவுச்சீட்டு தொலைதல் போன்றவை பயணம் தொடங்கிய பிறகே செயல்படும். பயணம் ரத்தாவதற்கான இழப்பீடோ, பாலிசி எழுதப்பட்ட நாளிலிருந்து வீட்டை விட்டுப் புறப்படும் வரையில் செயல்படுவது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு எடுப்பவருக்கு இந்த இரண்டாவது பாதுகாப்பு இரண்டே நாள்தான் கிடைக்கிறது. பிரீமியம் பெரும்பாலும் வயது, போகும் நாடு, பயண நாள்கள், காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. நான்கு மாதம் முன்னதாக எடுத்ததற்காக யாரும் கூடுதலாகக் கேட்பதில்லை. ஆகஸ்டிலேயே எடுத்திருந்தால் வீணாகியிருக்கும் என்று சொல்லப்பட்ட அதே சில ஆயிரம் ரூபாய், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டியதும், பாலிசியில் சொன்ன வரம்பு வரை எங்கள் இழப்பை ஈடுகட்டியிருக்கும்.

இது கப்பல் பயணத்துக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால், ரயில் டிக்கெட்டைப்போல் கடைசி நேரத்தில் வாங்கும் பொருள் அல்ல அது. பல மாதங்களுக்கு முன்பே பணம் கைமாறுகிறது. ரத்துக் கட்டணமோ புறப்பாட்டு நாள் நெருங்க நெருங்கப் படிப்படியாக ஏறி, பல நிறுவனங்களில் கடைசி இரண்டு வாரங்களில் முழுத் தொகையையும் விழுங்கிவிடுகிறது. எனவே முன்பணம் கட்டும் நாளே காப்பீடு எடுக்கும் நாளாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில நிறுவனங்கள் பயணத்துக்கு இத்தனை நாள் முன்பிருந்துதான் பாலிசி தருவோம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அப்படியானால் அந்த வரம்பு தொடங்கும் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். காப்பீடு செய்யும் தொகை, கப்பல் கட்டணத்தையும் திரும்பப் பெற முடியாத விமானக் கட்டணத்தையும் சேர்த்து இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பாலிசி வாங்கும்போதே தெரிந்திருந்த ஒரு நிகழ்வால் வரும் இழப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. நம் மாநிலத்தில் இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. ஃபெஞ்சல் புயலின்போது 2024 நவம்பர் 30 அன்றும் அதேபோல் மூடப்பட்டது. அந்த வாரத்தில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே கப்பலேற இருந்தவரை எண்ணிப் பாருங்கள். விமானம் மறுநாள் கிளம்பும், கப்பல் காத்திருக்காது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு காப்பீட்டைத் தேடுபவருக்கு அந்தப் புயலுக்கான பாதுகாப்பு கிடைக்காது. நோய்க்கும் போருக்கும் நிறுவனம் நொடித்துப்போவதற்கும்கூட இதே விதிதான். சிங்கப்பூரிலிருந்து கப்பல்களை இயக்கிய குழுமம் ஒன்றின் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங், 2022 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்கக் கோரி நீதிமன்றத்தை அணுகியது. அந்தச் செய்தி வெளியான பிறகு எடுத்த எந்தக் காப்பீடும் அதற்கு உதவியிருக்காது. (வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலேறுபவர்கள் ஒரு நாள் முன்னதாகவே துறைமுக நகருக்குப் போய்விடுவது, எந்தப் பாலிசியைக் காட்டிலும் மலிவான பாதுகாப்பு.)

இனி, யாரிடம் எடுப்பது. இணையத்தில் பயணச்சீட்டு எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் காப்பீட்டுக்கான கட்டம் ஒன்று வரும். வாங்குபவர் கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்ப்பதை, 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாக வகைப்படுத்தியிருக்கின்றன. ஆகவே கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தால் நீக்கிவிடும் உரிமை நமக்கு உண்டு. நாமாகவே டிக் செய்தாலும், நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் குழுக் காப்பீட்டின் (பலரையும் சேர்த்து எடுத்த ஒரே பாலிசியின்) சான்றிதழ் ஒன்றுதான். முழு வாசகமும் கைக்கு வராமல், எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்பது தெரியாமல் அதை வாங்குவதில் பொருளில்லை. கப்பல் நிறுவனங்களே விற்கும் பாதுகாப்புத் திட்டங்களில் பலவும் அவரவர் நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் சில, ரத்தானால் பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான வரவுச் சீட்டைத் தருபவை. நிறுவனமே தடுமாறும்போது அந்தச் சீட்டை வைத்து என்ன செய்வது? பயணத்தை விற்றவரிடமே அதற்கான காப்பீட்டையும் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே முதற்காரணம்.

கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்புபவர்களும் உண்டு. டிக்கெட் அந்தக் கார்டில் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, விபத்துக்கும் பெட்டி தொலைந்ததற்கும் அது ஓரளவு கைகொடுக்கலாம். எழுபது வயதுக்காரரின் மருத்துவமனைச் செலவுக்கு அதை நம்பிக் கப்பலேற முடியாது. என் அனுபவத்தில், காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்திலோ அதன் சொந்த இணையதளத்திலோ நேரடியாக வாங்குவதே சிறந்தது. பொதுத்துறை நிறுவனங்களுக்கு மாவட்டத் தலைநகரங்களில்கூட கிளைகள் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்து, நாங்கள் ஏறிய பிறகு கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகாமல் விட்டால் என்ன தருவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படித் துறைமுகம் தவறுவது அரிதான ஒன்றல்ல. சென்னையிலிருந்து கப்பல் பயணம் தொடங்கிய அதே 2022 ஜூனில், புதுச்சேரியில் பயணிகளை இறக்க அங்குள்ள அரசு அனுமதி தரவில்லை. போகும் வழியை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே தமக்கு வைத்துக்கொள்கின்றன. சாதாரண விமானப் பயணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாலிசியில் இதற்கு இடமிருக்காது. கப்பல் மருத்துவரின் கட்டணம் இதைவிட முக்கியம். அவர் தரும் சிகிச்சை இலவசமல்ல. கட்டணம் டாலரில் அறைக் கணக்கில் ஏறும், நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரிலோ, அடுத்த துறைமுகத்திலிருந்து தனி விமானத்திலோ நோயாளியைக் கொண்டுபோக நேர்ந்தால், பயணத்துக்குச் செலவிட்டதைப்போல் பல மடங்கு ஆகும். இந்த இரண்டும் பாலிசியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது பயனற்றது. மத்தியதரைக் கடல் பயணத்துக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நிபந்தனையை நிறைவு செய்யும் மலிவான பாலிசி ஒன்றை எடுத்துவிட்டு, காப்பீடு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாள் தூதரகத்துக்குப் போதும். ஆனால் பயணம் ரத்தானால் கட்டிய பணம் அதில் திரும்புமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதியவர்கள் பிள்ளைகளிடம் விட்டுவிடாமல் தாமே செய்ய வேண்டிய ஒன்று, விண்ணப்பத்தில் நோய்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதுவது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நம் வயதில் யாருக்கு இல்லை என்ற நினைப்பில், மகனோ முகவரோ எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அழுத்திவிடுகிறார்கள். இழப்பீடு கேட்கும் நாளில் பழைய மருந்துச்சீட்டு வெளியே வரும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இங்குள்ள பெரும்பாலான பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே, அதுவும் ஒரு வரம்புக்குள், உதவுகின்றன. அதையும் மறைத்து இழப்பானேன்? அமெரிக்காவில் வாழும் பிள்ளைகள் தாங்கள் அலாஸ்காவுக்கோ கரீபியன் தீவுகளுக்கோ கப்பலேறுவதற்குக் காப்பீடு எடுக்கும்போது, அங்குள்ள பல பாலிசிகள் முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாள்களுக்குள் வாங்கினால் பழைய நோய்க்கு இழப்பீடு இல்லை என்ற விதியைத் தளர்த்துகின்றன என்பதையும் கவனிக்கலாம். ஊரிலிருந்து உடன் வரும் பெற்றோருக்கு அது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கான பாலிசியை இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன் இங்கேயே எடுத்துவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு, கணவர் கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய பிறகு, அதே பயணத்துக்கு மீண்டும் பணம் கட்டினோம். இம்முறை முன்பண ரசீதும் பாலிசியும் ஒரே தேதியில் இருந்தன. எழுபதைக் கடந்துவிட்டதால் பிரீமியம் கூடியிருந்தது, முணுமுணுக்காமல் கட்டினேன். கணவர் ஒரு தும்மல்கூட இல்லாமல் போய்வந்தார். புக்கெட்டிலிருந்து திரும்பும் இரவில் எனக்குத்தான் வாந்தியும் தலைச்சுற்றலும் வந்து, கப்பல் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மகள் அன்றிரவே காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துத் தகவலைப் பதிவு செய்தாள். இறங்குவதற்கு முன் மருத்துவரின் குறிப்பையும் விவரமான ரசீதையும் கையோடு வாங்கிக்கொண்டோம். நாங்களே ஏற்க வேண்டியதாகப் பாலிசியில் குறித்திருந்த முதல் 100 டாலர் போக மீதி ஐந்தாவது வாரத்தில் வங்கிக் கணக்குக்கு வந்தது.

வராமல் போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலும், பதிலில் நிறைவில்லை என்றாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்) ஓராண்டுக்குள் அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் கப்பல் பயண விளம்பரம் ஒன்று முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. கட்டணம் பெரிய எழுத்தில் இருந்தது. ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு கழியும் என்பது, நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருந்தது. மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்குச் சுருக்கமான தகவல் தாள் தர வேண்டும், வாடிக்கையாளர் விரும்பினால் அதை உள்ளூர் மொழியிலேயே தர வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் நடைமுறை இருக்கிறது. கப்பல் பயண விளம்பரங்களுக்கு அப்படியொரு கட்டாயம் வரும் வரை, ரத்துக் கட்டண அட்டவணையைத் தமிழில் நான்கு வரிகளாவது வெளியிட வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் தங்கள் நாளிதழே நிபந்தனையாகக் கேட்கலாம். முன்பணம் கட்டும் முன் அந்த நான்கு வரிகளைப் படித்திருந்தால், அன்று நான் முகவரின் மேசையிலிருந்து காப்பீடு எடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
கும்பகோணம்.